எத்திராஜின் இடது கண்ணும் ஆறடிக் கட்டரும்

‘பெயர்: எ. கெங்கம்மா. பாலினம்: பெண். வயது: 43. பணி: உதவியாளர், புல் அகற்றுதல். வகை: திறன் தேவைப்படாத இலகுவான வேலை. உடல்வாகு: மெலிந்தது. குணம்: அமைதியானவர், எளிதில் இணங்கிப் போகக்கூடியவர். வன்முறைச் சம்பவங்கள்: ஏதுமில்லை.’

எண்ணூரில் ஒரு கம்பெனியின் ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேட்டில் இப்படித்தான் எழுதியிருக்கிறது. இதில் பெயர் சரி. வயது, ஒன்றிரண்டு கூடக்குறைய, சரி. பாலினத்தைப் பற்றி அவரிடம் அடி வாங்கிய ஓரிருவர் ஐயம் தெரிவித்ததுண்டு. அடிபட்ட ஆண்களுக்கு அப்படி ஓர் ஆறுதல் தேவைப்படும். மற்றதெல்லாம் அவருடைய கணவர் எத்திராஜுக்குப் பொருந்தும். கேட் பாஸ் எடுக்கப் போன அன்று இருவரும் சேர்ந்துதான் நின்றார்கள். கிளார்க் நிமிர்ந்து பார்க்காமலே, மனைவி என்றால் எப்படி இருப்பாள் என்று தனக்குத் தோன்றியதை மனைவி பக்கத்திலும், கணவன் எப்படி இருப்பான் என்று தோன்றியதைக் கணவன் பக்கத்திலும் எழுதிவிட்டார். அதன்படி எத்திராஜ் ‘திடகாத்திரமானவர்’. அவரைக் கொடியில் காயப்போட்டால் ஒரு கிளிப் போதும்.

கெங்கம்மா பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி ஹவுசிங் போர்டில். பன்னிரண்டு வயதில் பக்கத்து மைதானத்தில் குத்துச்சண்டை கற்கப் போனார். இரண்டு வருடம் கழித்து நீக்கினார்கள். மணி அடித்த பிறகும் அடித்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் அதை மறுக்கவில்லை. “மணி அட்ச்சா கை நிக்கணும்னா, கைக்கு இன்னா காதா கீது?” என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு களம் விரிந்தது. தண்ணீர் லாரி வரிசையில் ஒருவருக்குத் தாடை இறங்கியது. மின்சார ரயிலில் ஒருவருக்கு மணிக்கட்டு. நிலக்கரி யார்டில் கை ஓங்கிய சூப்பர்வைசருக்கு முன்பல் இரண்டு. மூவருமே மருத்துவமனையில் ‘வழுக்கி விழுந்தேன்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். இப்படிக் கெங்கம்மாவுக்கு எதிரில் வழுக்கி விழுந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். ஆகவே வன்முறைச் சம்பவங்கள் ஏதுமில்லை என்பது, ஆவணங்களின்படி, உண்மையும்கூட.

பல் போன சூப்பர்வைசரின் இடத்துக்கு வந்தவர் முன்யோசனை உள்ளவர். கெங்கம்மாவைக் கைக்கெட்டாத தூரத்தில் வைக்க வேண்டும் என்று நினைத்து, அவரைத் தூக்கி ஒரு வண்டியில் உட்கார வைத்தார். காகிதத்தில் அந்த வண்டியின் பெயர் ஸ்கிட் ஸ்டீயர் லோடர். வடசென்னையில் பாப்கேட் என்றால் போதும். கார் அளவுதான் இருக்கும். ஸ்டீயரிங் கிடையாது. இரண்டு கைக்கும் இரண்டு லீவர். இடதை மட்டும் தள்ளினால் வண்டி நின்ற இடத்திலேயே வலப்பக்கம் சுழலும். இடது, வலது, இடது, இடது. கெங்கம்மாவுக்கு அது ஏற்கெனவே தெரிந்த பாடம். ஒரு மத்தியானத்தில் முடிந்தது.

இந்த வண்டியில் முன்பக்கத் தொட்டியைக் கழற்றிவிட்டு வேண்டியதை மாட்டிக்கொள்ளலாம். கெங்கம்மாவுக்கு மாட்டிக் கொடுத்தது பிரஷ் கட்டர், அதாவது புதர் வெட்டும் கருவி. கவிழ்த்துப் போட்ட இரும்புத் தாம்பாளம் போல இருக்கும். உள்ளே முழ நீளக் கத்திகள். வண்டியின் எண்ணெய் அழுத்தத்தில் அவை சுற்றும். மணிக்கட்டுக் கனமுள்ள வேலிக்காத்தான் முள்மரத்தை அது வெட்டுகிறது என்று சொல்வது மரியாதைக்கு. அடித்து நொறுக்கி நாராக்கிவிடும். பதிவேட்டில் சொல்லியிருக்கும் புல் இதுதான்.

கெங்கம்மாவின் இப்போதைய முதலாளி பொன்ராஜ், முகத்துவாரக்குப்பத்துக்காரர். ஐந்து வருடம் முன்புவரை விசைப்படகு வைத்திருந்தார். திடீரென்று கடலை விட்டுவிட்டுக் கரையில் ஒப்பந்தம் எடுக்க ஆரம்பித்தார். இந்த வருடம் அவருக்குக் கிடைத்தது, கழிமுகத்தை ஒட்டிப் போகும் அனல்மின் நிலையச் சாம்பல் குழாயின் ஓரத்தில் மூன்று கிலோமீட்டருக்கு மண்டியிருந்த வேலிக்காத்தானை மழைக்கு முன் அகற்றும் வேலை. வண்டியில் கெங்கம்மா. வண்டிக்கு முன்னால் சிவப்புக் கொடியோடு எத்திராஜ். கொடிக்காரர் கட்டருக்கு ஐந்து மீட்டருக்குள் நின்று ஆட்களை எச்சரிக்க வேண்டும் என்பது கம்பெனியின் பாதுகாப்பு விதி.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. மாட்டியிருந்தது வாடகைக் கட்டர், முன்பக்கம் திறந்த மாதிரி. தாம்பாளத்தின் முன் விளிம்பை அறுத்து எடுத்ததுபோல இருக்கும். கத்தி நேரே மரத்தைப் பார்க்கும். வேலை வேகமாக நடக்கும். உள்ளே போனதை வந்த வழியே திருப்பி அனுப்பும் வேகமும் அதற்குக் குறைவில்லை. மரம் உடையும் சத்தத்துக்கு நடுவில் கெங்கம்மாவுக்கு வேறொரு சத்தம் கேட்டது. தகர டப்பாவில் சரளையைப் போட்டுக் குலுக்கியதுபோல. அடுத்த கணம் கொடி கீழே கிடந்தது.

எத்திராஜ் நின்றுகொண்டுதான் இருந்தார். வலது கண் இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தியிருந்தார். விரல் இடுக்கில் வந்த ரத்தம் முழங்கைவரை இறங்கிச் சொட்டியது. கெங்கம்மா சுவிட்சை அணைத்தார். கத்தி நிற்கவில்லை. ஒன்பது விநாடி சுற்றியது. அந்த ஒன்பது விநாடியும் அது எத்திராஜுக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது. மணி அடித்த பிறகும் அடிப்பது எப்படி இருக்கும் என்பதைக் கெங்கம்மா முதன்முறையாக எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தார்.

ஓடிப்போய் அவரைத் தாங்கினார். “இன்னாயா தெரியுது? சொல்லு, இன்னா தெரியுது?”

“ஒண்ணு ஆஃப் ஆயிட்ச்சு மே,” என்றார் எத்திராஜ். “இன்னொண்ணு உன்னத்தான் பாத்துகினு கீது. அதுவும் பயந்துகினு.”

வலது கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. மருத்துவர் அதற்குள்ளிருந்து எடுத்ததை ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தார். நிலக்கடலை அளவில் ஓர் ஈயத் துண்டு. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. நசுங்காத பக்கத்தில் வரிசையாக மூன்று கீறல்.

ஈயம் என்றால் வலை. வலையின் அடிக்கயிற்றில் கோத்து அதை ஆழத்துக்கு இறக்கும் குண்டு அது. கெங்கம்மா குப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு மறுநாளே முகத்துவாரக்குப்பத்துக்குப் போனார். எதிரில் வந்தவர் அங்கம்மா, ஐம்பத்தைந்து வயது, தலையில் சங்கரா மீன் நிறைந்த அலுமினியத் தவலை. சந்தைக்குக் குழாய் ஓரப் பாதையில் தினமும் நடப்பவர்.

“இது எவன் வூட்டு ஈயம்?” என்றார் கெங்கம்மா.

“கேக்கற தோரணைய பாரு. நீ யாரும்மே?”

“என் புருசன் கண்ணுக்குள்ள இர்ந்திச்சு.”

“அவன எவன் எங்க புதருக்குள்ள கண்ண கொண்டாந்து வெக்க சொன்னான்?”

முதல் குத்து அங்கம்மாவின் கன்ன எலும்பில் விழுந்தது. தவலை இறங்கவில்லை. அங்கம்மா அதை இரண்டு கையாலும் பிடித்து, மீனோடு சேர்த்து, கெங்கம்மாவின் மூக்கில் இறக்கினார். மூக்கிலிருந்து ரத்தம் பீறிட்டது. அடுத்து இருவரும் சாம்பல் மண்ணில் உருண்டார்கள். அங்கம்மா கெங்கம்மாவின் கைப் பெருவிரலைக் கடித்தார், எலும்புவரை போயிற்று. கெங்கம்மா அவர் கொண்டையைப் பிடித்துத் தலையைக் குழாயில் மோதினார்; உள்ளே சாம்பல் ஓடிக்கொண்டிருந்த குழாய் கோயில் மணி மாதிரி ஒலித்தது. சுற்றி நின்றவர்கள் யாரும் விலக்கவில்லை. யாரை முதலில் தொடுவது என்று அவர்களுக்கு முடிவாகவில்லை. கடைசியில் வயதுதான் விலக்கியது. இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு மீன்களுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள்.

“குடு பாப்போம்,” என்றார் அங்கம்மா, வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு. குப்பியைத் திருப்பிப் பார்த்தார். “மூணு கீறலு. எங்க நைனா ஈயம் வாக்கற அச்சு. எங்க தம்பி பொன்ராஜு வலை இது.”

பிறகு அவர் சொன்னதைக் கெங்கம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். அதுவே அபூர்வம். அந்தக் குப்பத்தில் கிழிந்த வலையைக் கடலில் போடுவதில்லை. இன்னொருவன் இன்ஜினில் சிக்கும். ஊருக்குள் எரிப்பதில்லை, நெடி தாங்காது. வேலிக்காத்தானுக்குள் போட்டுவிடுவார்கள். போடும்முன் ஈயத்தை அறுத்து எடுத்துக்கொள்வார்கள். ஒரு வலைக்கு மட்டும் விதிவிலக்கு. பிணம் ஏறிய வலையின் ஈயத்தைத் தொடக் கூடாது. வலை முழுதாகப் போய்விட வேண்டும். ஐந்து வருடம் முன்பு பொன்ராஜின் வலையில் யாரோ ஒருவர் ஏறினார், எந்த ஊர் என்று தெரியவில்லை, முகம் மீன் தின்றது போக மிச்சம். அன்றோடு பொன்ராஜ் கடலை விட்டார். வலை, ஆயிரத்துச் சொச்சம் ஈயக்குண்டோடு, குழாய் ஓரப் புதருக்குள் போயிற்று. யாருக்கும் தொந்தரவு இருக்கக் கூடாது என்பதற்காக ஊர் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு இது.

“பாதி வலை இன்னும் அங்கதான் கீது,” என்றார் அங்கம்மா. “மதகாண்ட.”

பொன்ராஜின் அலுவலகம், துறைமுகத்திலிருந்து கழித்துக்கட்டிக் குழாய் ஓரத்தில் கொண்டுவந்து போட்ட ஒரு கன்டெய்னர். கெங்கம்மா குப்பியை மேசையில் வைத்தார். பொன்ராஜ் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“எங்க நைனா அச்சு. மூணு கீறல். இந்த மாதிரி இப்போ எவன் வாக்கறான்?”

சொல்லி முடித்த பிறகுதான் அது எந்த வலை என்பது அவருக்கு எட்டியது. குப்பியைக் கீழே வைத்து ஒரு விரலால் கெங்கம்மா பக்கம் தள்ளினார். “அத்த இங்க வெக்காத.”

“எங்கேர்ந்து வந்திச்சுனு கேக்க மாட்டியாண்ணே?”

“அஞ்சு வருசம் ஆச்சு. மக்கிப் போய்க்கும்னு நெனச்சேன்.”

“நைலான். நீயும் நானும் மக்கன அப்பாலயும் அது அப்டியே கெடக்கும்.”

“அதுக்குத்தான் புதுசா சொந்தமா ஒரு கட்டரு வாங்கப் போறேன், வாடகைக்கு எடுத்தத்தவிட பெருசா. முன்னால தொறந்தது. மடி வாய் பெருசா இர்ந்தாத்தான் மீன் ஏறும். ஒரே வாரத்துல அந்த வலைய தூளாக்கிடணும். எனக்கு அது கண்ணுல படக்கூடாது.”

எண்ணூரில் மட்டுமே நடக்கக்கூடிய தவறு இது. இருபது வருடம் இழுவைமடியின், அதாவது படகு இழுத்துப் போகும் பை வலையின், வாயைப் பார்த்தே பிழைத்த மனிதர், கட்டரையும் வாயை வைத்துத் தேர்ந்தெடுத்தார். மடி உள்ளே வாங்கும் பொருள். கட்டர் வெளியே துப்பும் பொருள். இந்தச் சின்ன வித்தியாசம் அவருக்குப் பிடிபடவில்லை.

பிடிபடாதவர் இன்னொருவரும் இருந்தார். எத்திராஜ் பத்தே நாளில் கண்ணில் கட்டோடு கொடியைத் தேடினார். அவருடைய பாஸில் கொடிக்காரர் என்று போட்டிருந்தது. வேறு வேலைக்கு உள்ளே விடமாட்டார்கள்.

“நீ வராத,” என்றார் கெங்கம்மா.

“நான் வர்லனா வேற எவனாவது வந்து நிப்பான். அவனுக்கு ரெண்டு கண்ணு கீது, நஷ்டம் ஜாஸ்தி.”

“உனுக்கு போச்சுனா குருடுய்யா.”

“உன் மூஞ்சிய இருவத்திரெண்டு வருசம் பாத்தாச்சு. மனப்பாடம்.”

கெங்கம்மா கையை ஓங்கினார். எந்தப் பக்கம் அடிப்பது என்று தெரியாமல் இறக்கிக்கொண்டார். பொன்ராஜ் எந்தக் கட்டரை வாங்குகிறாரோ அதைப் பொறுத்துத்தான் இனி எத்திராஜின் இடது கண்.

ஆவணியில், கட்டர் விற்கும் கம்பெனியிலிருந்து சாவியோ என்பவர் வந்தார். முப்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை, கையில் வழுவழுப்பான புத்தகம். வேலிக்காத்தானுக்கு நடுவில் நின்றும் அவர் சட்டையில் ஒரு முள் குத்தவில்லை. பொன்ராஜிடம் படங்களைக் காட்டினார். கெங்கம்மா படம் பார்க்கவில்லை. “நைனா, இந்த தொறந்தது எத்தினி லிட்டரு எண்ணெய் கேக்குது?” என்றார்.

சாவியோ அப்போதுதான் ஓட்டுநர் யார் என்பதைப் புரிந்துகொண்டார். “நிமிஷத்துக்கு நூத்துப்பத்துக்கா. உங்க வண்டி எழுபத்தஞ்சுதான் தரும். சுத்தும், ஆனா சூடாகும். கத்தியும் திணறும்.”

“மிதிச்சா தரும்,” என்றார் பொன்ராஜ்.

“மிதிச்சா நாந்தாண்ணே தருவேன். நைனா, மூடுனதுக்கு?”

“எழுபது போதும். முன்னாடி ரெண்டு வரிசை சங்கிலித் திரை இருக்கு. கத்தி மடங்கும், இரும்பு பட்டா பின்னால சாஞ்சுக்கும். ஆனா வேகம் கம்மி, சார் சொல்றது சரிதான்.”

“ஆளு எங்க நிக்கணும்னு உன் பொஸ்தகம் சொல்லுது?”

சாவியோ பக்கத்தைப் புரட்டினார். நேர்மையான மனிதர். “எந்தக் கட்டரா இருந்தாலும் சுத்தி தொண்ணூறு மீட்டருக்குள்ள யாரும் நிக்கக் கூடாதுன்னு போட்டிருக்குக்கா.”

தொண்ணூறு மீட்டருக்கு வெளியே என்றது கட்டரோடு வந்த புத்தகம். ஐந்து மீட்டருக்கு உள்ளே என்றது கம்பெனி விதி. இரண்டும் நல்ல தாளில் அச்சடித்தவை. இரண்டின்படியும் ஒரே நேரத்தில் நிற்கக் கூடியவர் எவரும் இன்னும் பிறக்கவில்லை.

“ரெண்டையும் கொண்டாந்து ஓட்டிக் காட்டு,” என்றார் பொன்ராஜ். “கண்ணால பாத்து வாங்கறேன்.”

ஓட்டிக் காட்டும் நாள் வெள்ளிக்கிழமை என்று குறித்தார்கள். அன்று விடிந்ததும் கெங்கம்மாவும் அங்கம்மாவும் மதகருகே போனார்கள். அங்கம்மா வலையைத் தொட ஐந்து நிமிடம் தயங்கினார். “பொணம் ஏறுனது மே.”

“எங்க வூட்டாண்ட பொணத்த தொட்டா ஒரு பக்கெட் தண்ணி ஊத்திக்குவோம். அவ்ளோதான். புடிச்சி இயு.”

இழுத்தார்கள். பிணத்தைவிடக் கனமாக இருந்தது அது. கன்டெய்னருக்கு எதிரே, ஓட்டிக் காட்டும் இடத்துப் புதருக்குள் இரண்டு பாகமாகப் போட்டார்கள், மூடிய கட்டருக்கு ஒன்று, திறந்ததற்கு ஒன்று.

பத்து மணிக்குப் பொன்ராஜ் தன் வெள்ளைக் காரில் வந்து அறுபது மீட்டர் தள்ளி நிறுத்தினார். புதுக் கட்டருக்குப் பூசை போட, மேலே துளைத்துக் குங்குமம் அடைத்த வெண்பூசணியும் கொண்டுவந்திருந்தார்.

முதலில் மூடிய கட்டர். எல்லோரையும் கன்டெய்னர் பக்கம் நிற்க வைத்துவிட்டுக் கெங்கம்மா புதருக்குள் விட்டார். சிறிது நேரத்தில் தாம்பாளத்துக்குள் ஈயம் கொட்ட ஆரம்பித்தது. கூரையில் ஆலங்கட்டி விழும் சத்தம். சங்கிலித் திரை குதித்தது, அடங்கியது, குதித்தது. வெளியே எதுவும் வரவில்லை. நைலான் வலை கத்தி மாட்டிய தண்டில் சுற்றிக்கொண்டு, கத்தி திணறி நின்றது. கெங்கம்மா பின்வாங்கினார்.

“ரொம்ப மெதுவா போவுது,” என்றார் பொன்ராஜ். “உள்ள இன்னா கொட்டுது?”

“கல்லு,” என்றார் அங்கம்மா.

அடுத்துத் திறந்த கட்டரை மாட்டினார்கள். கெங்கம்மா கட்டருக்கு முன்னால் ஐந்து மீட்டர் அளந்து ஒரு இரும்புக் கம்பியை நட்டார். எத்திராஜின் உயரம். கம்பியில் கொடியைக் கட்டினார். உச்சியில் பூசணியைக் குத்தி நிறுத்தினார். எத்திராஜின் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றிப் பூசணிக்கு மாட்டினார்.

“கன்னம் எனக்கு இவ்ளோ உப்பல,” என்றார் எத்திராஜ்.

“பூசைக்கு வெச்சது கெங்கா,” என்றார் பொன்ராஜ்.

“பூசைதாண்ணே. எல்லாரும் கன்டெய்னருக்குள்ள போங்க.”

சாவியோ முதல் ஆளாகப் போனார், புத்தகம் படித்தவர். அங்கம்மா எத்திராஜைத் தள்ளிக்கொண்டு போனார். பொன்ராஜ் போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புதரை நோக்கி நடந்தார்.

“அண்ணே, உள்ள போ.”

“நான் புயல்ல நடுக்கடல்ல நின்னவன். ஒரு கட்டருக்கு பயந்து பொட்டிக்குள்ள குந்தறதா? வாய் எப்டி வாங்குதுனு கிட்ட நின்னு பாக்கப் போறேன்.”

“கடலு ஈயம் துப்பாது. போ.”

“நீ ஓட்டறவ. ஓட்டு.”

கெங்கம்மா இன்ஜினை நிறுத்தினார். இறங்கினார். கையுறை இரண்டையும் கழற்றி லீவரில் மாட்டினார். பிறகு பொன்ராஜின் விலாவுக்குக் கீழே, தொப்புளுக்கு ஒரு சாண் மேலே, வலது கையால் ஒரே ஒரு குத்து விட்டார். பொன்ராஜ் சத்தம் போடவில்லை. போடக் காற்று இல்லை. இரண்டாக மடிந்து மண்டியிட்டார். காலைச் சாப்பாடு வெளியே வந்தது. கெங்கம்மா அவர் சட்டைக் காலரையும் அரைஞாணையும் பிடித்து இழுத்துப் போய்க் கன்டெய்னருக்குள் எறிந்தார். எழ முயன்ற தம்பியின் முதுகில் அங்கம்மா உட்கார்ந்தார். கதவை, பார்ப்பதற்கு ஒரு விரற்கடை இடைவெளி விட்டு, வெளிப்புறம் சங்கிலி கோத்துத் தாழிட்டுவிட்டுக் கெங்கம்மா வண்டிக்குத் திரும்பினார்.

அதன் பிறகு நடந்தது மூன்று விநாடிகூட இல்லை. கட்டர் புதரைக் கடித்தது. எண்ணெய் போதாமல் கத்தி பாதி வேகத்தில்தான் சுற்றியது. பாதியே போதுமாயிருந்தது. வலை ஏறியதும் ஈயம் கூட்டமாகக் கிளம்பியது. பூசணி இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு மேகம் நின்றது. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்து வெவ்வேறு திசையில் போயிற்று. கன்டெய்னர் சுவரில் டங், டங், டங் என்று இடி விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் தகரம் தங்கள் பக்கம் பிதுங்குவதைப் பார்த்தார்கள். வண்டியின் முன் கண்ணாடிக் கதவில், கெங்கம்மாவின் தாடைக்கு நேராக, ஒரு நட்சத்திர விரிசல் விழுந்தது. அறுபது மீட்டர் தள்ளி வெள்ளைக் கார் ஒரே ஒரு முறை குலுங்கியது. அவர் சுவிட்சை அணைத்தார். கத்தி மேலும் ஒன்பது விநாடி சுற்றியது.

கதவைத் திறந்தபோது பொன்ராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். கம்பி வளைந்து நின்றது. கொடி கந்தலாகியிருந்தது. பூசணிச் சதையும் குங்குமமும் இருபதடிக்குச் சிதறிக் கிடந்தன. அதில் ஒரு துண்டை எத்திராஜ் குனிந்து எடுத்து, இருந்த ஒரே கண்ணால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைக் கீழே போட்டுவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்தார். சட்டை சிவப்பாயிற்று.

பொன்ராஜ் காரிடம் போனார். முன் கண்ணாடியில் ஒரு துளை. ஓட்டுநர் இருக்கையில் தலை சாயும் இடத்தில் இன்னொன்று. விரலை விட்டு நோண்டி எடுத்தார். மூன்று கீறல்.

“என் வலை,” என்றார்.

“உன் வலைதாண்டா,” என்றார் அக்கா. “இன்னும் எவன தேடிக்கினு கீதோ.”

பொன்ராஜ் அந்த ஈயத்தைக் காரின் மேல் வைத்தார். பிறகு கெங்கம்மாவிடம் வந்து, ஒரு கை தூரத்துக்கு அப்பால் நின்றுகொண்டு கேட்டார்:

“மூடுனதுல அஞ்சடியா, ஆறடியா?”

“ஆறடி. வண்டி டயர விட ஒரு சாணு அகலமா வெட்டணும். இல்லாட்டி முள்ளு மேல ஓடி டயரு பூடும்.”

“மெதுவா போவுமே.”

“போவட்டும். மழை வர்றதுக்குள்ள முடிச்சிக் குடுக்கறேன்.”

மூடிய கட்டரின் தண்டில் சுற்றியிருந்த வலையை அறுத்தெடுக்க நாலு மணி நேரம் ஆனது. கெங்கம்மாவும் அங்கம்மாவும் ரம்பத் தகடு வைத்து அறுத்தார்கள். பொன்ராஜ் பத்தடி தள்ளி நின்றார். பிறகு ஐந்தடி. கடைசியில் உட்கார்ந்து, அக்கா கையிலிருந்த தகட்டை வாங்கி, ஐந்து வருடம் தொடாத வலையைப் பிடித்து அறுத்தார். ஈயத்தை எல்லாம் ஒரு தகர டின்னில் போட்டு மூடி, குழி வெட்டிப் புதைத்தார்கள்.

மழைக்கு ஒரு வாரம் முன்பு மூன்று கிலோமீட்டரும் முடிந்தது. அந்த நாட்களில் கட்டருக்கு ஐந்து மீட்டரில் தினமும் ஒரு கம்பியும், கொடியும், புது ஹெல்மெட் மாட்டிய ஒரு மணல் மூட்டையும் நின்றன. எத்திராஜ் நூறு மீட்டர் தள்ளிப் பாதையை மறித்து நின்றார். சேஃப்டி ஆபீசர் தூரத்திலிருந்து ஜீப்பில் பார்த்துவிட்டு, விதிப்படி கொடிக்காரர் இருக்கிறார் என்று குறித்துக்கொண்டு போனார். இடது கண் இன்றுவரை நலம்.

காகிதங்களில் உள்ளது இது: ‘மாதிரி ஓட்டத்தின்போது கல் தெறித்து வாகனக் கண்ணாடி சேதம்.’ பொன்ராஜின் வயிற்றுக் காயத்துக்கு மருந்தகச் சீட்டில், ‘வழுக்கி விழுந்தது.’ அந்த வரிசையில் அவர் எட்டாவது ஆள். விற்பனைச் சீட்டில், ‘உரிய தொழில்நுட்ப ஆய்வுக்குப் பின் ஒப்பந்ததாரரால் தேர்வு செய்யப்பட்டது.’ பதிவேட்டில் கெங்கம்மா இன்னும் மெலிந்த, அமைதியான, புல் அகற்றும் உதவியாளர்.

அவர் தன் முதலாளியை ஒரு குத்து குத்திக் கன்டெய்னருக்குள் போட்டுத் தாழிட்டு, எண்ணூர் வேலிக்காத்தானுக்குப் பொருத்தமான ஆறடி மூடிய கட்டரைத் தேர்ந்தெடுத்தார்.